கல்லறைக்குப் போனவர்கள் எத்தனை பேர்?

முப்பதுகளின் நடுவில், விழுந்து கிடந்த ரப்பர் விலை மெல்ல எழுந்துகொண்டிருந்த காலத்தில், ஜொகூரில் சிம்பாங் ரெங்கத்துக்கு ஆறு மைல் தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக வேலை பார்த்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. இப்போது எண்பத்தொன்று. ஆனாலும் அந்த வருஷத்து ஈஸ்டர் வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் தனியாக உட்கார்ந்து சிரிப்பேன். என்னவோ ஏதோ என்று மருமகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

கிராணி வேலை என்றால் எழுத்து வேலை. காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று செக்ரோல் புத்தகத்தில் குறிக்க வேண்டும். மத்தியானம் அவர்கள் வாளிகளில் கொண்டுவரும் ரப்பர் பாலை ஸ்டோரில் நிறுத்து எழுத வேண்டும். எண்ணுவதுதான் என் பிழைப்பு. பிழைப்பு என்று மட்டும் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. எதிலாவது ஏதாவது தவறிவிடுமோ என்ற பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. எண்ணிப் பார்த்துவிட்டால் அந்தப் பயம் கொஞ்சம் அடங்கும். அதனால் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக் கூரையின் தகடுகளிலிருந்து ஜெபத்தின் நடுவே தும்முகிறவர்கள் வரை எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருப்பேன்.

தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பத்தொன்பது. துரை ஒரு பழைய சாமான் கொட்டகையை எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அதில் பதினொரு பெஞ்சு, ஒரு மேசை, ஒரு மரச்சிலுவை. அதுதான் எங்கள் கோயில். ஐயர், அதாவது எங்கள் போதகர், குளுவாங்கிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசிப்பது நான், ஜெபம் செய்வது பெரிய கங்காணி. ஐம்பது வயது ஆள். தலைப்பாகை வைத்துக்கொண்டு அவர் ஜெபம் செய்தால் அதுவும் பெரட்டு மாதிரியே இருக்கும். ஆண்டவர் வரிசையில் வந்து நின்றாரா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்.

ஈஸ்டருக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விடிவதற்கு முன் மூன்று பெண்கள், கையில் ஆளுக்கொரு செம்பும் விளக்கும் எடுத்துக்கொண்டு, லயத்திலிருந்து ரப்பர்க் காட்டு ஓரத்தில் இருக்கும் எங்கள் கல்லறைத் தோட்டம் வரை நடந்து போவார்கள். செம்பில் அரைத்த சந்தனமும் பட்டையும் கிராம்பும் இருக்கும். இயேசு உயிர்த்தெழுந்த அன்றைக்குக் கல்லறைக்குக் கந்தவர்க்கம் கொண்டுபோன பெண்களின் ஞாபகமாக இப்படி. அங்கே சிலுவையடியில் அதை வைத்துவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு கோயிலுக்குத் திரும்புவார்கள். அதன்பிறகுதான் ஆராதனை. பத்தொன்பது குடும்பத்துக்கும் முறை வைத்து வருஷத்துக்கு மூன்று பேர். ஒருமுறை போனவள் மறுபடி போக ஆறு வருஷம் காத்திருக்க வேண்டும். அதனால் பெண்களுக்கு அந்தச் செம்பு என்றால் உயிர்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு ஐந்து வாரம் முன்பு ஜொகூர் பாருவில் ஒரு பள்ளிக்கூடத்தில், எங்களைப் போலக் கோயிலில் வேதம் வாசிக்கிறவர்களுக்கு நான்கு நாள் வகுப்பு நடந்தது. வேதசாஸ்திரக் கல்லூரியில் படிப்பிக்கிற ஒரு தமிழ் ஐயர் கப்பலேறி வந்திருந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர், பேசும்போது சாக்கட்டியை உடைத்து உடைத்துப் போட்டுக்கொண்டே இருப்பார். முதல் நாள் வகுப்பில் நாங்கள் பதினேழு பேர்.

அவர் சொல்லிக்கொடுத்தது எனக்குப் புதிது. நான்கு சுவிசேஷங்களையும் ஒன்றாகக் குழைத்துச் சாப்பிடாதீர்கள், நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் என்றார். ஒரு பெரிய தாளில் நான்கு பத்தி கோடு போடச் சொன்னார். ஒரே சம்பவத்தை மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வரும் எப்படிச் சொல்கிறார்கள் என்று அதில் எழுத வேண்டும். மூன்று பேரோ அதற்கு மேலோ சொல்வதற்கு நீலப் பென்சில், இரண்டு பேர் மட்டும் சொல்வதற்குச் சிவப்பு, ஒருவர் மட்டுமே சொல்வதற்குப் பச்சை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என்ன ஒரு செக்ரோல்! வேதத்தை இப்படிப் படிக்கலாம் என்று இத்தனை நாள் யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று இருந்தது.

இரண்டாம் நாள், நான்கில் முதலில் எழுதப்பட்டது மாற்குதான், மத்தேயுவும் லூக்காவும் அதை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்க வேண்டும் என்று பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள் என்று அவர் சொன்னார். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து, "நீங்க வேதத்தக் கறிக்கடையில வச்சு வெட்டுறீங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அவர் பின்னால் நான்கு பேர். மீதி பன்னிரண்டு. ஐயர் சிரித்தார். "பன்னிரண்டு நல்ல எண்தான்" என்றார்.

மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த காலையை எடுத்தோம். கல்லறைக்குப் போன பெண்கள் யார் யார்? யோவானில் மகதலேனா மரியாள் ஒருத்தியின் பேர்தான் இருக்கிறது. மத்தேயுவில் இரண்டு மரியாள்கள். மாற்கில் மூன்று பேர். லூக்காவில் மூன்று பேரைச் சொல்லிவிட்டு, கூட இருந்த மற்றவர்களும் என்று இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்துக்குக் குறையாமல். எங்கள் வழக்கத்து மூன்று பேர் மாற்கிலிருந்து வந்தவர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் அந்தத் தாளை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மத்தியானம் கடைசிப் பாடம். எனக்கு ரயில் நான்கு மணி பத்து நிமிஷத்துக்கு. பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்டேஷன் பதினைந்து நிமிஷ நடை. நான் ஒன்றரை மணிக்கே பெட்டியைக் கட்டிவிட்டேன். மழை வந்தால்? டிக்கெட் இல்லை என்றால்? ஐயர் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "கடைசிப் பாடத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள், அது இல்லாமல் மற்றதெல்லாம் அரைகுறை" என்றார். "ரயில் போயிடும் ஐயா" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். மழை வரவில்லை. டிக்கெட் கிடைத்தது. ரயில் நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தது. நான் ஸ்டேஷன் தூண்களை எண்ணிக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன்.

ஈஸ்டருக்கு மூன்று ஞாயிறு முன்பு, எங்கள் கோயிலில் அந்தத் தாளை மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டினேன். நான்கு பத்தி, மூன்று நிறம். எவ்வளவு படித்தவர் நம் கிராணி என்று எல்லாரும் வாய் பிளப்பார்கள் என்று நினைத்தேன். "கல்லறைக்குப் போனது எத்தனை பேர் என்பதில் நால்வரும் நான்கு கணக்குச் சொல்கிறார்கள்" என்று அறிவித்து, ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன்.

வாய் பிளந்தார்கள், உண்மைதான். ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை.

பெரிய கங்காணி மெல்ல எழுந்தார். "கிராணியாரே, ஒண்ணு கேக்கலாமா? செக்ரோல்ல ஆள் கணக்கு ஒத்து வரலேன்னா தொரை என்ன சொல்லுவாரு?"

அவர் சொல்லப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது. வராத ஆளை வந்ததாக எழுதுவதற்குத் தோட்டத்தில் பொய்ப் பேர் போடுவது என்று பெயர். அதைவிடப் பெரிய குற்றம் எங்களுக்கு இல்லை. கணக்கு ஒத்து வரவில்லை என்றால் யாரோ பொய்ப் பேர் போட்டிருக்கிறார்கள். அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

"எவனோ பொய்ப் பேரு போட்டிருக்கான்னு சொல்லுவாரு. நாலு பேரு நாலு கணக்கு எழுதியிருக்காங்கன்னு நீங்களே சுவத்துல ஒட்டியிருக்கீங்க. அப்ப இதுல பொய்ப் பேரு போட்டது யாரு?"

பின் பெஞ்சிலிருந்து ஒரு கிழவர், "அந்த வரி வசூல் பண்ணினவருதான் போட்டிருப்பாரு. மத்தேயு. பழைய பழக்கம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கங்காணி தீர்ப்புச் சொன்னார். "ஒரே கணக்கா முடிவு பண்ணிட்டு வாங்க. ஒண்ணா, ரெண்டா, மூணா, அஞ்சா? அது வரைக்கும் இந்த வருஷம் செம்பு கிடையாது. தெரியாத கணக்குக்குப் பொம்பளைங்கள இருட்டுல அனுப்ப என்னால முடியாது."

அடுத்த ஞாயிறு கோயிலில் இருந்தவர்கள் ஒன்பது பேர். என் மனைவியையும் என்னையும் சேர்த்து.

திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். நாக்கு கொஞ்சம் கூர்மை. ஸ்டோரில் தராசு ஒரு ராத்தல் குறைவாகக் காட்டினாலும் விடமாட்டாள். ஆனால் அன்றைக்கு அவள் குரல் இறங்கியிருந்தது. இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் அந்தக் குழந்தைக்கு மலேரியா கண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தது. பிழைக்காது என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் அவள் ஒரு பொருத்தனை பண்ணினாள். பிள்ளை பிழைத்தால் வருகிற ஈஸ்டருக்குச் செம்பு தூக்கிக்கொண்டு கல்லறைக்கு வருகிறேன் என்று. அந்த வருஷம் முறையும் அவள் வீட்டுக்கு வந்திருந்தது.

"கிராணி ஐயா, என் பொருத்தனை என்னங்க ஆவுறது?"

"கணக்கு முடிவானதும் பார்க்கலாம்மா."

"எப்ப முடியும்?"

"பார்க்கிறேன்."

"ஒரு வருசம் தள்ளிப்போனா ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு. அது எனக்குத் தெரியும். எனக்குத்தான் தூக்கம் வராது. புள்ள ஒரு தும்மல் போட்டாலும் பயமா இருக்கு."

அவள் போனதும் நான் மேசையில் உட்கார்ந்தேன். பயத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எப்படியாவது நான்கு கணக்கையும் ஒரே கணக்காக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். மணி வாரியாக ஒரு அட்டவணை போட்டேன். ஐந்து மணிக்கு மகதலேனா மரியாள் தனியாக வருகிறாள். ஐந்தேகாலுக்குத் திரும்பி ஓடுகிறாள். ஐந்தரைக்கு மற்ற மரியாளோடு இரண்டாம் தடவை வருகிறாள். மறுபடி போகிறாள். ஐந்து ஐம்பதுக்கு மூன்று பேராக வருகிறாள். ஆறு மணிக்கு மற்றவர்களோடு. தாளில் எல்லாம் அழகாக ஒத்து வந்தது.

என் மனைவி பின்னாலிருந்து படித்துப் பார்த்தாள். "ஏங்க, அந்த மரியாள ஒரே காலையில எத்தன தடவ நடக்க விடுவீங்க? நாலு தடவ போயி நாலு தடவ வந்திருக்கா. பாவம், அவளுக்குக் காலு வலிக்காதா?"

"வேற வழி இல்லையே."

"அதுவும் முதல் தடவையே கல்லறை வாசல்ல கல்லு பொரட்டியிருக்கறதப் பாத்துட்டா. அப்புறம் மூணாவது தடவ வரும்போது, மாற்குல சொல்ற மாதிரி, கல்லை யாரு பொரட்டுவான்னு ஏன் கவலைப்படணும்? அவளுக்கு ஞாபக மறதியா?"

நான் அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் இன்னொன்று போட்டேன். அதில் பெண்கள் இரண்டு கூட்டமாக வெவ்வேறு வழியில் வந்தார்கள். அதையும் அவள் அரை நிமிஷத்தில் கவிழ்த்தாள். மொத்தம் ஏழு அட்டவணை. ஏழும் அடுப்புக்குப் போயின. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குளுவாங் பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் கேட்காமல் வந்த கடைசிப் பாடத்தின் குறிப்பு இருந்தால் உடனே அனுப்பும்படி. பதில் வரவில்லை. குருத்தோலை ஞாயிறும் போய்விட்டது. அன்றைக்குக் கோயிலில் எட்டுப் பேர். ஒரு சபையையே நான் ஒரு தாளை ஒட்டிக் கலைத்துவிட்டேன் என்ற நினைப்பு ஓயவே இல்லை.

பெரிய வியாழனன்று மத்தியானம், ஸ்டோரில் பால் நிறுத்துக்கொண்டிருந்தேன். பெரிய கங்காணி பக்கத்தில் நின்றார். வேலை விஷயம் தவிர அவர் என்னோடு பேசிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. ஸ்டோருக்கு எதிரே ஆயாக் கொட்டகை. வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். ஆயாக் கிழவி வாசலில் உட்கார்ந்து ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

பொருத்தனை பண்ணின அந்தப் பெண் வாளியைத் தராசில் வைத்தாள். நான் எழுதினேன். அவள் நகரவில்லை.

"கிராணி ஐயா, ஒரு கணக்குக் கேக்கணும்."

"நிறுவை சரியாத்தாம்மா இருக்கு."

"நிறுவை இல்லிங்க. இன்னிக்குக் காலையில எத்தன பொம்பளைங்க வெட்டுக்குப் போனோம்?"

நான் செக்ரோலைப் புரட்டினேன். "முப்பத்தாறு."

அவள் கங்காணி பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க மாமா. எத்தன பேரு?"

"எனக்கு எதுக்கு முப்பத்தாறு? என் பெரட்டுல பதினாலு பேரு. பதினாலும் வந்துச்சு."

அவள் வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தாள். "ஆயா! காலையில எத்தன பொம்பளைங்க வெட்டுக்குப் போனாங்க?"

ஆயா கஞ்சிக் கரண்டியைத் தூக்கிக்கொண்டே கத்தினாள். "ஒம்போது பேருடி! ஒம்போது பேரும் புள்ளைய என் தலையில கட்டிட்டுப் போயிட்டீங்க! ஏன், இன்னொண்ணு கொண்டாறப் போறியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் மேசைக்கு வந்து விரலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"என்னயக் கேட்டா நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? ரெண்டே பேருன்னு சொல்லுவேன். நானும் எனக்கு அடுத்த மர நெறையில வெட்டுறவளும். இருட்டுல அவ வெளக்கு மட்டுந்தான் எனக்குத் தெரிஞ்சுது. மத்த யாரும் என் கண்ணுல படல."

"சரி, அதுக்கு?" என்றார் கங்காணி.

"முப்பத்தாறு, பதினாலு, ஒம்போது, ரெண்டு. நாலு பேரு, நாலு கணக்கு. இப்ப நீங்க சொல்லுங்க மாமா. இதுல பொய்ப் பேரு போட்டது யாரு? கிராணி ஐயாவா, நீங்களா, ஆயாவா, நானா?"

கங்காணி தலைப்பாகையைக் கழற்றினார். மறுபடி வைத்தார். மறுபடி கழற்றினார்.

"அது... யாரும் போடல."

"நீங்க உங்க ஆளுங்களுக்குப் பொறுப்பு. அதனால பதினாலு. ஆயா புள்ளைங்களுக்குப் பொறுப்பு. அதனால ஒம்போது. இருட்டுல போற பொம்பளைங்கள யாரு நிறுத்தி வச்சு எண்ணினா? அவங்கவங்களுக்கு யாரு முக்கியமோ அவங்கள எண்ணியிருக்காங்க. செம்பு தர மாட்டேன்னு சொல்றதுக்கு இதுல என்ன இருக்கு?"

கங்காணியின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு வயிறு. பதினெட்டு நாள் அடக்கிவைத்திருந்த சிரிப்பு ஸ்டோர்த் தகரமெல்லாம் அதிரும்படி வெளியே வந்தது. "அடியே, வேதத்தையும் வெட்டுக் காட்டையும் ஒரே வாளியில ஊத்திட்டியே!" என்றார். உடனே என் பக்கம் திரும்பினார். "கிராணியாரே, அப்படின்னா அந்த நாலு பேருல நான் யாரு?"

அதற்குமேல் அங்கே நடந்தது எந்தக் கல்லூரியிலும் நடந்திருக்காது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சுவிசேஷ ஆராய்ச்சி செய்தார்கள். முக்கியமானவர்களை எழுதிவிட்டு மற்றவர்களும் என்று சேர்க்கிற லூக்கா கட்டாயம் கிராணிதான் என்று முடிவாயிற்று. ஒரே ஒருத்தியின் முகத்தை, அவள் அழுததைக்கூட விடாமல், பக்கத்திலிருந்து பார்த்தவர் மாதிரி சொல்கிற யோவான், அடுத்த நிரையின் விளக்கைப் பார்த்த பெண். தன் பெரட்டுக்கு வேண்டிய பேரை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறவர் மாற்கா மத்தேயுவா என்று கங்காணியும் பின் பெஞ்சுக் கிழவரும் சண்டை போட்டார்கள். "நான் வரி வசூல் பண்ணினவனா இருக்க மாட்டேன்" என்று கங்காணி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஆயா எதிர்ப் பக்கத்திலிருந்து, "என்னைய யாருன்னு சொல்லல!" என்று கத்தினாள். "உனக்குத் தனியா அஞ்சாவது சுவிசேசம் எழுதணும் ஆயா" என்று யாரோ பதில் கத்தினார்கள்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் ஏழு அட்டவணை போட்டும் பிடிபடாதது இந்தப் பெண்ணுக்கு எப்படிப் பிடிபட்டது? நான் நான்கு கணக்கையும் ஒன்றாக்கப் பார்த்தேன். அவள் நான்கையும் தனித்தனியாக விட்டுவைத்தாள், ஒவ்வொன்றையும் சொன்ன ஆளைப் பார்த்தாள். செக்ரோல் என் கையில்தான் இருந்தது. பக்கத்தில் கங்காணியும் எதிரில் ஆயாவும் தினமும் வேறு கணக்கு வைத்திருந்ததை நான் ஒருநாளாவது கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

"சரி, இந்த வருசம் செம்பு எத்தன பேருக்கு?" என்று கங்காணி கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக எண் சொல்லாமல் பதில் சொன்னேன். "வர விரும்புகிறவர்கள் எல்லாரும் போகட்டும். மற்றவர்களும் என்று எழுதியிருக்கிறதே."

"செம்பு மூணுதானே இருக்கு?" என்றாள் ஒருத்தி.

அந்தப் பெண் தன் இடுப்பிலிருந்த மங்கு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். மரத்தில் கட்டிப் பால் பிடிக்கிற கிண்ணத்துக்குத் தோட்டத்தில் மங்கு என்று பேர். "இதக் கழுவினா ஆவாதா?"

வெள்ளிக்கிழமை ஆராதனைக்குக் கொட்டகை நிறைந்தது. பதினொரு பெஞ்சும் போதாமல் வாசலில் பாய் விரித்தோம். சனிக்கிழமை முழுதும் கிணற்றடியில் மங்கு கழுவுகிற சத்தம். என் மனைவி இரண்டு கழுவினாள். ஒன்று தனக்கு, ஒன்று உடைந்தால் மாற்று. அவளுக்கு என் வியாதி கொஞ்சம் ஒட்டியிருந்தது. லயத்து இந்துப் பெண்கள் சிலரும் வந்து, "எங்க வீட்டுலயும் சந்தனம் இருக்கு, கொஞ்சம் அரைச்சுத் தரட்டுமா?" என்று கேட்டார்கள். அரைத்துக் கொடுத்ததோடு நிற்கவில்லை. நாங்களும் கூட வருகிறோம் என்றார்கள்.

ஞாயிறு வெட்டு கிடையாது. ஆனாலும் நாலரை மணிக்கே லயம் முழுவதும் எழுந்துவிட்டது. முன்னால் அந்தப் பெண் போனாள், ஒரு கையில் செம்பு, இடுப்பில் குழந்தை. விளக்கை அவளுக்காக அடுத்த நிரைக்காரி பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்னால் கையில் மங்கோடு பெண்கள், பெண்களுக்குப் பின்னால் பெண்கள். பனிக்குள் விளக்குகள் மரத்துக்கு மரம் மறைந்து மறுபடி தெரிந்தன. ரப்பர்ப் பால் வாசனைக்கு மேல் பட்டையும் கிராம்பும் மணந்தன. நானும் கங்காணியும் பாதையோரம் நின்று எண்ணினோம். இருபத்து மூன்று வரை எண்ணினேன். அப்போது என் மனைவி என்னைக் கடந்து போனாள். போகிறவள் மங்கிலிருந்த சந்தனத்தை விரலால் தொட்டு என் மூக்கில் இழுத்துவிட்டுப் போனாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்ததில் எண்ணிக்கை தவறிவிட்டது. கங்காணி பாட்டில் சேர்ந்துகொண்டதால் அவருக்கும் தவறிவிட்டது. அன்றைக்கு எத்தனை பேர் போனார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் முடிக்காமல் விட்ட ஒரே கணக்கு அது.

கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பெண் செம்பைச் சிலுவையடியில் வைத்துவிட்டு வெகுநேரம் முழங்காலில் இருந்தாள். எழுந்து திரும்பும்போது குழந்தை கண் விழித்து, அத்தனை விளக்கையும் பார்த்து, ஒரு பெரிய தும்மல் போட்டது. எல்லாரும் அவளைப் பார்த்தோம். அவள் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டு, "சந்தன நெடி" என்று சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த வாரம் குளுவாங் வாத்தியாரின் கடிதம் வந்தது. காய்ச்சலில் படுத்திருந்ததால் தாமதம் என்று எழுதியிருந்தார். கடைசிப் பாடத்தின் குறிப்பை நான்கு பக்கத்துக்கு அழகாகப் பிரதி எடுத்து வைத்திருந்தார். சாராம்சம் இதுதான்: வித்தியாசங்களைப் பட்டியல் போடுவதோடு வேலை முடிவதில்லை, அது வெறும் தொடக்கம். எழுதியவர் யார், எந்த மக்களுக்காக எழுதினார், அவர்களுக்கு எது முக்கியம் என்று நினைத்து இதைச் சேர்த்தார், அதை விட்டார் என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும். அப்போது வித்தியாசமே அவருடைய குரலை நமக்குக் கேட்கவைக்கும். நான் ஸ்டோரில் உட்கார்ந்து அதைப் படித்து முடித்தேன். பிறகு பால் ஊற்ற வந்த அந்தப் பெண்ணுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

அவள் கேட்டுவிட்டு, "இதச் சொல்ல அவ்வளவு தூரத்துலேருந்து கப்பல்ல வந்தாரா?" என்றாள். பிறகு, "பாவம், நல்ல மனுசன்தான். வாளிய நிறுங்க, நேரமாவுது" என்றாள்.

அதன்பிறகு நான் எத்தனையோ விளக்கப் புத்தகங்கள் வாங்கிப் படித்திருக்கிறேன், அலமாரியில் நாற்பத்தாறு இருக்கின்றன. எண்ணுகிற பழக்கமும் என்னை விடவில்லை. ஆனால் வேதத்திலோ வீட்டிலோ யாராவது என் கணக்குக்கு ஒத்துவராத ஒன்றைச் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுமுன், இருட்டில் அவர் யாருடைய விளக்கைப் பார்த்துக்கொண்டு நடந்தாரோ என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கிறேன், அப்படி யோசிக்கிற ஒவ்வொரு தடவையும் என் பயம் கொஞ்சம் குறைகிறது.